வரப்பு வழியே உள்ளே

1945 ஏப்ரல் 12. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். தன் உருவப்படத்தை வரைய வந்திருந்த ஓவியருக்கு முன்னால் அமர்ந்து கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பிற்பகல் ஒன்றேகால் மணி வாக்கில் பின்மண்டையில் தாங்க முடியாத வலி என்றார். சற்று நேரத்தில் நினைவிழந்தார். அவசரமாக வந்து சேர்ந்த இதய மருத்துவர் ஹோவர்ட் ப்ரூன் அளந்தபோது ரத்த அழுத்தம் 300/190. மூன்றரை மணி தாண்டியதும் உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. மூளையில் பெரும் ரத்தக்கசிவு என்பது ப்ரூன் தன் அனுபவத்தை வைத்துச் சொன்ன முடிவு.

திடீரென்று வந்த சாவு என்றுதான் உலகம் பேசிக்கொண்டது. ப்ரூனுக்கு அது திடீர் இல்லை. 1944 மார்ச்சில் அவர் முதன்முதலாகப் பார்த்தபோதே அதிபருக்கு 186/108. அதற்குப் பிறகு அது ஏறிக்கொண்டேதான் போனது. உப்பைக் குறைக்கச் சொல்லலாம், ஓய்வெடுக்கச் சொல்லலாம்; நாளைக்கு ஒரு மாத்திரையில் பி.பி.யை அடக்கி வைக்கும் காலம் அப்போது வரவில்லை. கசிவு நேர்ந்தபின் மண்டைக்குள் தேங்கிய ரத்தத்தை எடுப்பதைப் பற்றி அன்று மதியம் யாரும் யோசித்திருக்கவும் மாட்டார்கள்.

அங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழக மருத்துவர்கள் தலைமையில், அப்படித் தேங்கிய ரத்தத்தைச் சிறு துளை வழியே எடுத்தால் நோயாளி தேறுவது மேம்படுகிறது என்று காட்டிய ஆய்வு 2024இல் வெளியானது. இடையில் கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகள். மருந்தில்லாமலோ கத்தியில்லாமலோ அந்த எண்பது ஆண்டுகள் போகவில்லை. அறுவை நடந்துகொண்டுதான் இருந்தது. அதனால் பயன் உண்டு என்று நிரூபிக்கத்தான் முடியவில்லை.

பக்கவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி, ரத்தக்குழாய் அடைபட்டு வருவது. குழாய் வெடித்து மூளைத் திசுவுக்குள் ரத்தம் கொட்டுவது சிறுபகுதி. மேலை நாடுகளில் நூறு பக்கவாதத்தில் பத்துப் பதினைந்து இந்த வகை. ஆசியாவில் இன்னும் அதிகம். எண்ணிக்கையில் சிறிதானாலும் கொடுமையில் இதுதான் மூத்தது. பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள்.

எந்தக் குழாய் வெடிக்கிறது என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. மூளையின் நடுப்பெருந்தமனியிலிருந்து மயிரிழை போன்ற கிளைகள் கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிரிந்து ஆழத்துக்குப் போகின்றன. பெரிய குழாயின் அழுத்தம் படிப்படியாகத் தணியாமல் நேராக இந்த மெல்லிய சுவர்களில் மோதுகிறது. ஆண்டுக்கணக்கில் பி.பி. கட்டுக்குள் இல்லாதவருக்கு இந்தச் சுவர்கள் நைந்துபோகின்றன. பிரான்சில் ஷார்கோவும் பூஷாரும் 1868இலேயே இக்குழாய்களில் சிறு புடைப்புகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இது ஆழத்துக் கசிவு. முதியவர்களுக்கு இன்னொரு வகை வரும்: மூளையின் மேற்பரப்புக்கு அருகில் உள்ள குழாய்களின் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து அவை உடையும். இது மேல்மடல் கசிவு. இந்த இரண்டையும் வாசகர் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் எல்லாம் இதில்தான் வந்து நிற்கப்போகிறது.

மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதற்குள் 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி ரத்தம் கூடுதலாக வந்தாலே மூளை நெருக்கப்படுகிறது. கசிவு ஒரே கொட்டாகக் கொட்டி நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 103 நோயாளிகளை அடுத்தடுத்து சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து 1997இல் வெளியிட்டார்கள்: நாலில் ஒருவருக்கு முதல் ஸ்கேனுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தக்கட்டி கணிசமாகப் பெருத்திருந்தது. இது முதல் அடி. இரண்டாவது அடி மெதுவாக விழுகிறது. உறையும் ரத்தத்தில் உருவாகும் த்ரோம்பின் சுற்றியுள்ள திசுவை வீங்க வைக்கிறது. பிறகு சிவப்பணுக்கள் சிதைந்து ஹீமோகுளோபினும் அதிலிருந்து இரும்பும் வெளியேறி, பிழைத்துக் கிடக்கும் நரம்பணுக்களை நஞ்சாகத் தாக்குகின்றன. வீக்கம் நாட்கணக்கில் வளரும். "நேத்து கூப்பிட்டா கண்ணைத் திறந்தாரே, இன்னிக்கு ஏன் இப்படி?" என்று ஐ.சி.யு. வாசலில் குடும்பத்தார் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இந்த இரண்டாவது அடி பெரும்பாலும் இருக்கும்.

ஆக, கட்டியை எடுத்துவிட்டால் நல்லது என்று யாருக்கும் தோன்றும். லண்டனில் வைலி மெக்கிசாக் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். அவர் அட்கின்சன் மார்லி மருத்துவமனையின் பேர்பெற்ற அறுவை மருத்துவர். வேகமாக வெட்டி வேகமாக முடிக்கும் கைக்காரர். 180 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை, மறு பாதிக்கு மருந்தும் கவனிப்பும் என்று கொடுத்து, 1961இல் முடிவை வெளியிட்டார். அறுவை செய்துகொண்டவர்கள் மேலாகத் தேறவில்லை. ஒரு பங்கு மோசமாகவே இருந்தார்கள். தன் தொழிலுக்கே எதிராக வந்த முடிவை ஓர் அறுவை மருத்துவர் ஒளிக்காமல் அச்சேற்றியதற்காகவே அந்தக் கட்டுரையை மதிக்க வேண்டும்.

ஆனால் மெக்கிசாக்கால் கட்டியைப் பார்க்க முடியாது. ரத்தக்குழாய்களில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, அவை எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன என்பதிலிருந்து கட்டி எங்கே என்று ஊகிக்க வேண்டும். பத்தே ஆண்டுகளில், அதே அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், 1971 அக்டோபர் 1 அன்று, கோட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. இயந்திரத்தில் முதல் நோயாளி படுக்கவைக்கப்பட்டார். புதிய ரத்தம் சி.டி.யில் வெள்ளை வெளேரென்று தெரியும். எங்கே, எவ்வளவு, எவ்வளவு ஆழம் எல்லாம் படத்திலேயே கிடைத்துவிடும். அளவு கணிக்க இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துவது ஒரு பள்ளிக் கணக்கு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் மில்லிலிட்டர்.

பார்க்க முடிந்த பிறகாவது அறுவை வென்றிருக்க வேண்டும். வெல்லவில்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் டேவிட் மெண்டலோ தலைமையில் 27 நாடுகளில் 1033 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஸ்டிச் ஆய்வு 2005இல் வந்தது. உடனே அறுவை செய்தவர்களில் 26 சதவீதம் பேர் நல்ல நிலைக்கு வந்தார்கள். மருந்தில் வைத்திருந்தவர்களில் 24 சதவீதம். மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிகளில் மட்டும் ஏதோ பயன் இருப்பதுபோல் தெரிந்தது. அதைத் தனியாகப் பார்க்க 601 பேருடன் இரண்டாவது ஸ்டிச் நடந்தது. 2013இல் அதன் விடை: 41க்கு 38. புள்ளியியல் கணக்கில் இதற்கும் மதிப்பில்லை.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கட்டியை எடுப்பதே வீண் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. ஸ்டிச் ஆய்வில் அறுவைக்குப் போனவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நடந்தது கிரேனியாட்டமி. அதாவது மண்டையோட்டில் ஒரு பலகையளவு எலும்பைக் கழற்றி, மூளைப் பரப்பைக் கீறி, தட்டையான உலோகத் தகடுகளால் திசுவை இருபுறமும் விலக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது. விலக்கிப் பிடித்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும். வெட்டிய இடத்தில் நரம்பிழைகள் அறும். நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் கட்டியை எடுக்க, அதுவரை அடிபடாமல் இருந்த நாலு சென்டிமீட்டர் மூளையைக் கடந்தாக வேண்டும். கட்டியை எடுத்ததில் கிடைத்த லாபத்தை, போன வழி தின்றுவிட்டது என்பதே அந்த எண்களுக்குப் பொருந்தும் விளக்கம்.

வழியைச் சுருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் முன்பே இருந்தார்கள். ஸ்வீடனில் பாக்லுண்டும் ஃபான் ஹோல்ஸ்ட்டும் 1978இல் ஒரு மெல்லிய குழாயை விவரித்தார்கள். உள்ளே திருகுமரை கொண்ட தண்டு. உறைந்த ரத்தம் வெறும் உறிஞ்சலுக்கு வராது என்பதால் திருகு அதை நறுக்கி மேலே கொண்டுவரும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் லுட்விக் ஆவெர் எண்டோஸ்கோப் வழியே கட்டியைக் கழுவி எடுத்தார். 100 நோயாளிகள் கொண்ட அவருடைய 1989 ஆய்வில், ஆறு மாதத்தில் மருந்துப் பிரிவில் 70 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அறுவைப் பிரிவில் 42. ஒரே மையத்தில் நடந்த சிறிய ஆய்வு என்பதால் உலகம் அதை ஓரமாக வைத்துவிட்டது.

அடுத்து வந்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஹான்லி குழுவினர் நடத்திய மிஸ்டி. இதன் யோசனையில் ஒரு துணிச்சல் உண்டு. மண்டையில் சிறு துளை போட்டு, படத்தின் வழிகாட்டுதலில் ஒரு மென்குழாயைக் கட்டியின் நடுவே செருகுகிறார்கள். முதலில் சிரிஞ்சால் வருகிற அளவு உறிஞ்சுகிறார்கள். கசிவு அடங்கிவிட்டது என்று மறு ஸ்கேனில் உறுதியான பிறகு, அந்தக் குழாய் வழியே 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் ஆல்டிப்ளேஸ் செலுத்துகிறார்கள். அதிகபட்சம் 9 முறை. ஆல்டிப்ளேஸ், அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு நரம்பில் ஏற்றும் அதே கட்டி கரைப்பான். ரத்தக்கசிவு நோயாளிக்கு அதை நரம்பில் ஏற்றினால் ஆளை முடித்துவிடும். கட்டிக்குள்ளேயே துளித்துளியாக விட்டால், கட்டி கரைந்து இரண்டு மூன்று நாளில் வடிகிறது.

2019இல் வந்த மூன்றாம் மிஸ்டி ஆய்வில் 506 பேர். ஓராண்டு முடிவில் நல்ல நிலையில் இருந்தவர்கள் 45க்கு 41 சதவீதம். மறுபடியும் தோல்வி என்று தலைப்பு போட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் சங்கதி வேறு. எஞ்சிய கட்டியை 15 மில்லிலிட்டருக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. பத்தில் ஆறு பேருக்குத்தான் அது கைகூடியது. கைகூடியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் பயன் தெளிவாகத் தெரிந்தது. இதைச் செய்து பழகிய கைகள் இலக்கை அதிகமாக எட்டின. கைகூடியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து வெற்றி என்று சொல்வது புள்ளியியலில் ஏமாற்றாகிவிடக்கூடும். சுலபமான கட்டி உள்ளவர்களுக்கே கைகூடியிருக்கலாம். ஆனாலும் 'மூளைக்குச் சேதமில்லாமல் போ. போனால் அரைகுறையாக விடாதே' என்ற குறிப்பு அதில் இருந்தது.

எமரி பல்கலைக்கழகத்தின் குஸ்தாவோ பிரடில்லா, டேனியல் பாரோ குழுவினர் நடத்திய என்ரிச் ஆய்வு அந்தக் குறிப்பைச் செயலில் காட்டியது. அமெரிக்காவில் 37 மையங்கள், 300 நோயாளிகள். கட்டி 30 முதல் 80 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அறுவை நடக்க வேண்டும்.

அறுவை மேசையில் நடப்பது இது. மண்டையோட்டில் மூன்று சென்டிமீட்டர் வாக்கில் ஒரு திறப்பு. உறையை நீக்கியதும் மூளையின் மேடுகளும் அவற்றுக்கு இடையே மடிப்புகளும் தெரியும். மேட்டை வெட்டுவதில்லை. நுண்ணோக்கியின் கீழே, மடிப்பை மூடியிருக்கும் சிலந்தி உறையைப் பிரித்து, உள்ளே ஓடும் சிறு குழாய்களை ஒதுக்கி, மடிப்பின் அடிவரை வழி செய்கிறார்கள். மடிப்பு இயற்கையாகவே ஆழத்தில் இறங்குவதால் அந்த அளவுக்குத் திசுவைக் கடக்கும் தூரம் மிச்சம். அங்கிருந்து முனை மழுங்கிய ஒரு தண்டும் அதன்மேல் பொருத்திய தெளிவான குழாயும் இறங்குகின்றன. குழாயின் விட்டம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. வெண்பொருளில் நரம்பிழைகள் கற்றை கற்றையாக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே அறுக்காமல், அவை ஓடும் திசைக்கு இணையாகக் குழாய் போகும்படி பாதையை முன்கூட்டியே கணினியில் குறித்துவைக்கிறார்கள். பயிரை மிதிக்காமல் வரப்பில் நடந்து வயலின் நடுவுக்குப் போவதுபோல, இழைகள் விலகிக் கொடுத்து, குழாயை எடுத்ததும் கூடிக்கொள்ளும். தண்டை உருவியதும் குழாய் மட்டும் நிற்கும். அதன் வழியே வெளிச்சமும் பெரிதாக்கிய காட்சியும் கிடைக்கின்றன. கருஞ்சிவப்புக் கட்டியை உறிஞ்சி நறுக்கும் கருவி உள்ளே போகிறது. குழாயை மெல்லப் பின்னுக்கு இழுக்க இழுக்க, சுற்றியுள்ள மூளையே எஞ்சிய கட்டியைக் குழாய் வாய்க்குத் தள்ளிக்கொடுக்கிறது. கசியும் குழாய் கண்ணில் பட்டால் அங்கேயே சுட்டு மூடிவிடலாம். மிஸ்டியில் இதற்கு வழியில்லை.

2024 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது. முழு நலம் 1, மரணம் 0 என்று வைத்து ஒவ்வொரு நிலைக்கும் மதிப்புக் கொடுத்து, 180ஆம் நாளில் கணக்கிட்டார்கள். அறுவைப் பிரிவின் சராசரி 0.458, மற்றவர்களுடையது 0.374. ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் 9.3 சதவீதம், மறுபக்கம் 18. கசிவுக் கட்டியை எடுப்பதால் வாழ்வின் தரம் உயர்கிறது என்று ஒரு பெரிய குலுக்கல் ஆய்வு ஐயமின்றிச் சொன்னது இதுதான் முதல்முறை.

இங்கே வாசகரின் கையைப் பிடித்துச் சற்று நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த லாபம் முழுக்க மேல்மடல் கசிவிலிருந்து வந்தது. ஆழத்தில், அடித்தள நரம்பு முடிச்சுகளில் கசிந்தவர்களுக்குப் பயன் தெரியவில்லை. ஆய்வு பாதியில் இருக்கும்போதே, முன்கூட்டி எழுதிவைத்த விதிப்படி, அவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். காரணத்தை உடற்கூறே சொல்கிறது. அந்த முடிச்சுகளை ஒட்டித்தான் உட்கூடு என்ற ஒடுங்கிய பட்டை இருக்கிறது. கைக்கும் காலுக்கும் ஆணை கொண்டுபோகும் இழைகள் எல்லாம் அதில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகின்றன. ரத்தம் அதைக் கிழித்துவிட்டால், ரத்தத்தை எடுப்பதால் இழை ஒட்டாது. எந்த அறுவையும் இறந்த திசுவைத் திருப்பித் தருவதில்லை. இரண்டாவது அடியிலிருந்து மிச்சத்தைக் காப்பதுதான் அதனால் ஆகக்கூடியது. ஆண்டுக்கணக்கில் பி.பி.யைக் கவனிக்காமல் விட்டு வருவது பெரும்பாலும் ஆழத்துக் கசிவு என்பதை நினைத்தால், நம் ஊர் வார்டுகளுக்கு இந்த வெற்றி எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற கேள்வி எழுகிறது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்தக் குழாயைத் தயாரிக்கும் நிறுவனமே. முடிவு பொய் என்று அதனால் ஆகிவிடாது. வேறு கைகள் வேறு பணத்தில் செய்து பார்க்கும்வரை ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம்.

ஆழத்துக் கசிவுக்கு வேறு வழி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஸ்விட்ச் ஆய்வு கட்டியைத் தொடவே இல்லை. மேலே இருக்கும் எலும்பை எடுத்து மூளைக்கு வீங்க இடம் கொடுத்தது. 2024இல் வந்த முடிவில் இறந்தோ முழுமையாகப் படுத்த படுக்கையாகவோ போனவர்கள் 58லிருந்து 44 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை. சிறுமூளைக் கசிவின் கதை தனி. அங்கே கட்டி பெரிதானால் மூளைத்தண்டு நசுங்கும் என்பதால், அறுவை உயிர்காக்கும் என்பதில் மருத்துவர்களிடையே அதிகச் சண்டை இல்லை.

கத்தியே எடுக்காமல் கிடைத்த வெற்றி ஒன்றும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் உட்பட 10 நாடுகளில் 7036 பேருடன் நடந்த இண்டராக்ட் மூன்றாம் ஆய்வு 2023இல் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைப்பது, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதன் விளைவை மாற்றுவது. செய்தது இவ்வளவுதான். இவற்றை ஒரு மூட்டையாகச் சேர்த்து விடாமல் செய்த மருத்துவமனைகளில் நோயாளிகள் மேலாகத் தேறினார்கள். புதிய குழாய் எதுவும் இல்லாத மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம்.

"ஆபரேஷன் பண்ணினா எந்திரிச்சு நடப்பாரா?" என்று கேட்பவருக்கு முதல் வாரத்தில் யாராலும் விடை சொல்ல முடியாது. அந்த நேரத்தில்தான் பல குடும்பங்கள் நம்பிக்கையைக் கைவிடுகின்றன. சில நேரம் மருத்துவர்களும். இனித் தேறமாட்டார் என்று நினைத்துச் சிகிச்சையைக் குறைத்தால் அவர் தேறமாட்டார். கணிப்பு பலித்ததாகவும் தோன்றும். இதற்காகவே அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்ற புதிய முடிவை மருத்துவமனையில் இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிவைக்கச் சொல்கிறது.

மிஸ்டியிலும் அதன் சகோதர ஆய்விலும் இருந்த நோயாளிகளைப் பிறகு ஒரு குழு திரும்ப எடுத்துப் பார்த்தது. முப்பதாம் நாளில் தானாக நடக்க முடியாமல், பிறர் உதவியில்லாமல் எதுவும் செய்ய முடியாமல் கிடந்தவர்கள் மட்டும் எழுநூற்றுக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானோர் ஓராண்டு முடிவதற்குள் யார் தோளையும் பிடிக்காமல் நடக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஆறாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும்கூட முன்னேற்றம் தெரிகிறது. மூன்றாம் மிஸ்டி ஆய்வில் இறுதிக் கணக்கை 365ஆம் நாளுக்குத் தள்ளிவைத்தது இதனால்தான். முப்பதாம் நாளில் கணக்கை மூடியிருந்தால் இவர்கள் எல்லாரும் தேறாதவர்கள் பட்டியலில் இருந்திருப்பார்கள்.